சோளத்தை நோக்கிய அம்புகள்

மேற்கு மலை தன் மழையையெல்லாம் மறுபுறத்தார்க்கே வாரி வழங்கிவிட்டு வெறுங்காற்றை மட்டும் அனுப்பிவைக்கும் கிழக்குச் சரிவில் கோரைப்பள்ளம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் தெற்குக் கோடியில், பேருந்து நிற்கும் வேப்பமரத்துக்கும் கருத்தப்பாண்டியின் சோளக்காட்டுக்கும் நடுவே, முப்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் எஸ்தர் ராஜகனி என்னும் ஆசிரியை பதினான்கு ஆண்டுகளாக ஒற்றை ஆளாய் நின்று ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் சொல்லிவந்தார். இலை என்று சொல்லுமுன் இலையைப் பிள்ளையின் கையில் வைக்கிறவர் அவர். வேர் என்று சொல்லுமுன் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டி, காட்டி முடித்ததும் அதைத் திரும்ப நட்டு, அது பிழைத்ததா என்று ஒரு வாரம் போய்ப் பார்க்கிறவர். எல்லாப் பாடங்களிலும் அவருக்கு உயிரானது தாவரப் பாடம். "வெயிலப் பிடிச்சு சோறாக்கத் தெரிஞ்சது இந்த உலகத்துல செடி ஒண்ணுதான், பிள்ளைகளா. மயிலோ மனுசனோ, மத்த எல்லாரும் அது ஆக்கினதை வாங்கித் திங்கிற ஆட்கள்" என்று அவர் சொல்லும்போது, மூக்கொழுகும் முதல் வகுப்புப் பிள்ளையும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே சோளத்தை ஒரு மரியாதையோடு திரும்பிப் பார்க்கும்.

அவ்வளவு நல்ல பாடத்தில் ஒரு தவறு இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

பள்ளியின் தெற்குச் சுவருக்கு வெள்ளையடித்த ஆண்டில், அதில் உணவுச் சங்கிலியைப் படமாக எழுதிவைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். கடைப் பலகையும் மோட்டார் விளம்பரமும் எழுதிப் பிழைக்கும் பேச்சிமுத்துவை அழைத்து, நோட்டுத் தாளில் தாமே வரைந்த மாதிரியைக் கொடுத்தார். மேல் வரிசையில் புல், வெட்டுக்கிளி, தவளை, சாரைப்பாம்பு, மயில். கீழ் வரிசையில் சோளம், கோழி, மனிதர். மனிதருக்கு யார் முகத்தை எழுதுவது என்று பேச்சிமுத்து யோசித்தபோது, அவருடைய பச்சைச் சாய டப்பாவை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நான்காம் வகுப்பு முப்பிடாதியின் முகம் கண்ணில் பட்டது. அவள் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் கோமுவின் மகள். ஆகவே கோரைப்பள்ளத்தின் சுவரில் மனித குலம் முழுவதற்கும் ரெட்டைச் சடையும் முன்பல் இடைவெளியும் அமைந்தன.

படங்களை முடித்துவிட்டு அம்புகள் போடும் நேரத்தில்தான் பேச்சிமுத்து தயங்கினார்.

"டீச்சர், அம்பு இப்படித்தானா? மனுசன்ட்ட கிளம்பி, கோழியக் குத்தி, அங்கேருந்து சோளத்துக்கா?"

"ஆமா. மனுசன் கோழியத் திங்கான், கோழி சோளத்தைத் திங்கி. யாரு எதைத் திங்காங்கன்னு அம்பு காட்டுது."

"கல்யாண மண்டபத்துக்கு வழி எழுதும்போது, ஆளு போய்ச் சேருற பக்கம்தான் கூர்முனை வைப்பேன். சாப்பாடு போய்ச் சேருறது வயித்துக்குல்லா?"

"பேச்சிமுத்து, படத்தை நீங்க போடுங்க, பாடத்தை நான் பாத்துக்கிடுதேன்."

கல்வி கற்றவர் கல்லாதவரை வாயடைக்கும் அந்தச் சின்னச் சொல் எத்தனை நல்லவர் வாயிலிருந்தும் வந்துவிடுகிறது! பேச்சிமுத்து சிவப்புச் சாயத்தைத் தொட்டு, மயிலிலிருந்து புல்லுக்கும் முப்பிடாதியிலிருந்து சோளத்துக்கும் அழகிய அம்புகளை எழுதி முடித்தார்.

சாயம் காய்ந்த மறுநாள், புதன்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, பள்ளிக்கூரைமீது இருந்த மயில் ஓர் ஓணானைக் கவ்விக்கொண்டு இறங்கி, வேலியோரம் கிடந்த சாரைப்பாம்பின் முன் அதை வைத்துவிட்டு, விருந்தாளி சாப்பிடும்வரை காத்திருக்கும் வீட்டுக்காரியைப்போல் ஒதுங்கி நின்றது. சாரை ஓர் எலியைக் கொண்டுபோய்த் தவளையின் முன் வைத்தது. தன்னைவிடப் பெரிய அந்தப் பரிசை என்ன செய்வதென்று அறியாமல் தவளை நெடுநேரம் விழித்துவிட்டு, தான் பிடித்த கொசுக்களை வெட்டுக்கிளியின் காலடியில் உமிழ்ந்தது. வெட்டுக்கிளி தான் மென்ற இலைத்துணுக்கைப் புல்லின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே நேரத்தில் சத்துணவுக்கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகளின் வலக்கைகளும் முதல் கவளத்தை எடுத்து, வாயை நோக்கி வராமல், வாசலில் நின்ற கோழிகளை நோக்கி நீண்டன. கோழிகள் அதை அலகில் வாங்கி, ஒரு பருக்கையும் விழுங்காமல், வரிசையாக நடந்துபோய்ச் சோளத்தின் வேரில் இட்டுத் திரும்பின.

கோமு கரண்டியோடு வந்து நின்றார். "டீச்சர், கை வாய்க்கு வரமாட்டேங்கு."

"பிள்ளைகளுக்கா?"

"எனக்குந்தான். ருசி பாக்கலாம்னு ஒரு கை எடுத்தேன். கோழியப் பாத்து நீளுது."

ராஜகனி டீச்சர் ஜெபம் சொல்லித் தம் டிபன் பாக்ஸைத் திறந்தார். அவருடைய கையும் கோழிக்கே நீண்டது. இரண்டாவது கவளம் வழக்கம்போல் வாய்க்கு வந்தது. ஆகவே அனைவரும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஏன் என்று கோரைப்பள்ளத்தில் எவரும் கேட்கவில்லை. வந்ததை வரவேற்று அதற்கு ஓர் ஒழுங்கு செய்துகொள்வது மனித இயல்பு. அவ்வாரக் கடைசிக்குள் அதற்கு 'முதல் கை' என்று பெயரிட்டார்கள். கோழி இல்லாத வீட்டார் சாப்பாட்டு நேரத்தில் அண்டை வீட்டுக் கோழியை இரவல் கேட்டார்கள். பேசாமலிருந்த இரு பங்காளி வீடுகள் ஒரு கோழியை முன்னிட்டுப் பேசத் தொடங்கின. வேப்பமரத்தடித் தேநீர்க்கடையில் வடை வாங்குகிறவருக்குக் கூடவே ஒரு கோழியும் காட்டப்பட்டது. ஊர்க்காரர்கள் கோழிக் குழம்பை நினைக்கவும் கூச்சப்பட்டார்கள். "ஏலே, கோழியம்மா வாராக, எந்திரி" என்று கேலியாகத் தொடங்கியவர்கள் பத்தாம் நாள் கேலியில்லாமலே எழுந்து வழிவிட்டார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் சுவரைக் கண்டு வியந்து, தங்கள் கையும் கோழிக்கு நீள்வதைக் கண்டு சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினார்கள்.

சோளமோ வளர்ந்தது. மழை தப்பிய அந்த ஆண்டில் கருத்தப்பாண்டியின் சோளம் ஆள் உயரம் தாண்டி, பள்ளிக்கூரை தாண்டி, தென்னை உயரத்துக்கு எழுந்து நின்றது; ஒவ்வொரு மணியும் கோலிக்குண்டளவு திரண்டது; அதன் நிழலில் முழு ஊரும் பகலில் இளைப்பாறியது. "அறுக்கறதுக்கு அருவா பத்தாது, ஏணி வேணும்" என்று கருத்தப்பாண்டி போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பச்சை என்றால் என்னவென்று அறியாத அந்தச் சரிவு பச்சையாய் நின்றதைக் கண்டு ராஜகனி டீச்சரின் நெஞ்சு நிறைந்தது. தம் பாடம் ஊரையே வகுப்பறையாக்கிவிட்டது என்று அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

ஆனால் இரண்டாவது வாரம் இரண்டு கை போயிற்று. மூன்றாவது வாரம் மூன்று. கூடுதலாக ஆக்கினால் கூடுதலாகப் போயிற்று. சோளத்தையே இடித்துக் களியாக்கினாலும் களி சோளத்துக்கே திரும்பிப் போயிற்று. ஐந்தாவது வாரத்தில் ஊர் முழுவதும் இடுப்பில் துணி நழுவத் தொடங்கியது. முப்பிடாதிக்கோ, சுவரில் அம்பு அவளிடமிருந்தே கிளம்பியதால், மற்றவர்க்கு ஒரு கை போனால் அவளுக்கு இரண்டு கை போயிற்று. முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அறுபது பேர் உண்ணும் அளவு ஆக்கிவைக்கும் தாயின் மகள் அண்டாவின் பக்கத்திலேயே ஒடுங்கிப்போனாள். ஒருநாள் காலை வழிபாட்டில், கொடிக்கம்பத்தருகே நின்றவள் சத்தமில்லாமல் மடிந்து உட்கார்ந்தாள்.

கோமு ஓடிவந்து மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். ஊட்டிவிட முயன்றார், ஊட்டும் கையும் கோழிக்கே போயிற்று.

"பசிக்குதாட்டி?"

"பசிக்கல்லம்மா. பசிச்சுப் பசிச்சு நின்னுட்டு" என்றாள் முப்பிடாதி. பிறகு ஆசிரியையை நிமிர்ந்து பார்த்து, "சோளம் நல்லா வளருதுல்லா டீச்சர்?" என்றாள்.

அன்று மாலை ராஜகனி டீச்சருக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவள் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அவரிடம் படித்து, இப்போது வெளியூர் மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் பெரியநாயகி.

"டீச்சர், ஒரு மாசமா கை வாய்க்கு வரமாட்டேங்கு. இங்க ஆஸ்டல்ல கோழி ஏது? சன்னல்ல இருக்க துளசிக்குப் போடுதேன். அது சன்னலையே அடைச்சிட்டு."

"நீ எப்போ நம்ம ஊருக்கு வந்த? சுவரைப் பாத்தியா?"

"எந்தச் சுவரு? நான் வந்து மூணு வருசம் ஆச்சே."

ஆசிரியை கைபேசியை மேசைமேல் வைத்தார். சுவரைக் காணாதவளுக்கும் இது நேர்ந்தது என்றால், இது சுவரிலிருந்து மட்டும் வந்ததன்று. பதினான்கு ஆண்டுகளாக நினைவிலிருந்தே சொல்லிவந்த பாடத்தின் புத்தகத்தை அவர் அலமாரியிலிருந்து எடுத்தார். உணவுச் சங்கிலி இருந்த பக்கம் மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. அதில் அம்பு புல்லிலிருந்து கிளம்பி வெட்டுக்கிளிக்குப் போயிற்று. வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்குப் போயிற்று. உணவும் உயிர்ச்சத்தும் யாரிடமிருந்து யாருக்குப் போய்ச் சேர்கின்றனவோ அந்தப் பக்கமே கூர்முனை. பேச்சிமுத்து சொன்னபடியே.

இந்த இடத்தில் ஆசிரியையின் மனத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பின்னால் அவரைப் போற்றுவதற்குப் பொருளில்லாமல் போகும். அவருக்கு முதலில் வந்தது துயரமன்று, வெட்கம். பதினான்கு ஆண்டுகள்! நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்! ஊரில் அவர் நடந்து வந்தால் பீடியை மறைக்கிற பெரியவர்கள்! ஆகவே அவர் மனிதர் எவரும் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார்: பிழையைத் திருத்தவும் வேண்டும், அது தம் பிழை என்று தெரியவும் கூடாது என்று எண்ணினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், ஊர் உண்ட களைப்பில்லாமலே படுத்துக்கிடந்த பகலில், பேச்சிமுத்துவை மட்டும் அழைத்துவந்து அம்புகளின் கூர்முனைகளை மாற்றி எழுதச் சொன்னார்.

பேச்சிமுத்து பழைய முனைகளை வெள்ளையால் மறைத்து, புதிய முனைகளை எழுதினார். சாயம் காயும்வரை இருவரும் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். காய்ந்ததும் அம்புகள், திண்ணமாகக் கதவடைத்த வீட்டில் தாழ்ப்பாள் தானே விலகுவதுபோல் ஓசையின்றி, ஒவ்வொன்றாகத் திரும்பிச் சோளத்தை நோக்கின.

"இன்னொரு தரம் எழுதுங்க."

எழுதினார். திரும்பின. மூன்றாம் தரம் எழுதிவிட்டுத் தூரிகையைக் கழுவியபடி பேச்சிமுத்து சொன்னார்: "டீச்சர், தப்பா நினைக்கப்பிடாது. கடைக்காரன் பேரு தப்பாயிட்டுன்னா பலகையில அழிச்சு எழுதிரலாம். ஆனா இது பலகையில மட்டுமா இருக்கு? பிள்ளைக காதுல ஏத்தினது. அங்க என் தூரிகை போகாதுல்லா."

ஆசிரியை சுவரைப் பார்த்தார். ரெட்டைச் சடை முப்பிடாதி பல்லிடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்குப் பெற்றோர் அனைவரும் வரவேண்டும் என்று வீடு வீடாகப் போய் அவரே சொன்னார். வந்தார்கள், கோழிகளும் வந்தன. தேர்வுக்குப் படிக்காமல் வந்த பிள்ளையின் முகத்தோடு எஸ்தர் ராஜகனி கொடிக்கம்பத்தருகே நின்றார்.

"உணவுச் சங்கிலியில அம்பை நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். அம்பு திங்கிறவங்கட்டயிருந்து கிளம்பாது. செடியிலயிருந்து கிளம்பி, திங்கிறவங்களுக்குப் போகும். அன்னைக்கே பேச்சிமுத்து கேட்டாரு. அவரையும் வாயடைச்சேன். தப்பு என்னுது."

ஒரு கோழி கொக்கரித்தது.

"எத்தன வருசமா?" என்று கேட்டார் கோமு. மடியில் மகள் தலைசாய்த்திருந்தாள்.

"பதினாலு வருசமா, கோமு."

கருத்தப்பாண்டி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இருந்துட்டுப் போகட்டுமே டீச்சர். தப்பான அம்புதான் இந்தக் காட்டைப் பச்சையாக்கிருக்கு. மாத்திட்டா என் சோளம் குறுகிப் போகும்லா?"

"ஒம்ம சோளம் தென்ன மரமாட்டம் நின்னு என்ன வே செய்ய?" என்று கோமு திரும்பிச் சீறினார். "எம்பிள்ள விளக்குமாத்துக் குச்சியாட்டம் கெடக்கா." பிறகு ஆசிரியையைப் பார்த்தார். அப்பார்வையில் கோபம் இருந்தது. அது போகும் வழியில் ஏதோ ஒன்றில் தட்டி நின்றது. "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? சொல்லிட்டீக. சரி, இனிச் சரியானதைச் சொல்லுங்க டீச்சர். பிள்ளைக காத்துக்கிட்டு நிக்கி."

ஆசிரியை கரும்பலகையை வெளியே கொண்டுவரச் செய்தார். முதலில் ஒரு சூரியன் வரைந்தார். சூரியனிலிருந்து சோளத்துக்கு ஓர் அம்பு, சோளத்திலிருந்து கோழிக்கு, கோழியிலிருந்து மனிதருக்கு. ஒவ்வோர் அம்பையும் வரைந்து, பிள்ளைகளையும் பெற்றோரையும் மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தார். செடி தரும், நாம் பெறுவோம் என்று முழு ஊரும் சொன்ன மூன்றாம் முறை, தெற்குச் சுவரின் சிவப்பு அம்புகள் ஒருமுறை நடுங்கி, சரியான பக்கம் திரும்பி, அசையாமல் நின்றன.

"அப்போ மனுசன்ட்டயிருந்து சோளத்துக்கு அம்பே கெடையாதா?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

இம்முறை ஆசிரியை யோசித்துப் பதில் சொன்னார். "உண்டு. ஆனா நேரா இல்ல, மண் வழியா. தின்னு மிச்சமான தோலும், சருகும், சாணமும், கடைசியில நாமளும் மண்ணுக்குப் போறோம். மண் செடிக்குக் கொடுக்கும். பசியோட கொடுக்கச் சொல்லி எந்தச் செடியும் கேக்கல."

பேச்சிமுத்து உடனே போய்ப் படங்களின் அடியில் நீளமாகச் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை தீட்டி, எல்லா உயிர்களிலிருந்தும் அதற்கு ஓர் அம்பும், அதிலிருந்து வேர்களுக்கு ஓர் அம்பும் எழுதினார். அவை எழுதியபடியே நின்றன.

அன்று மதியம் முதல் கை வாய்க்கு வந்தது. முப்பிடாதி நான்கு முறை சோறு வாங்கினாள். ஐந்தாம் முறை தட்டை நீட்டியபோது கோமு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சோளம் ஒரு வாரத்தில் ஆள் உயரத்துக்கு இறங்கியது, ஆனால் பட்டுப்போகவில்லை. ஊரார் எருவும் சருகும் சுமந்து கொட்டினார்கள். கருத்தப்பாண்டி அறுவடையில் ஏணி இல்லாமலே அறுத்தார். மயில் சாரையைத் துரத்தியது. சாரை தவளையைத் தேடியது. கோழிகளுக்கு மட்டும் பழைய மரியாதை சற்றே மிஞ்சியது.

வெளியூர்களில் இருந்த பழைய பிள்ளைகள் எஞ்சினார்கள். அம்பை வாயால் சொன்னால் போதாது, வரைந்து காட்டவேண்டும் என்று கண்டுகொண்ட ஆசிரியை, வருகைப் பதிவேடுகளைப் புரட்டி முகவரி விசாரித்து, பள்ளியை விட்டுப் போனவர்கள் அனைவருக்கும் ஓர் அஞ்சலட்டை எழுதினார். அதில் ஒரு சோளக்கதிர், ஒரு கோழி, ஒரு மனிதர், சரியான அம்புகள், அடியில், "நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். மன்னித்துக்கொள். சாப்பிடு." பெரியநாயகி தொலைபேசியில் சோற்றை மென்றபடியே அழுதாள். கற்பிக்கிறவர்களே, உங்கள் கையால் நட்ட பிழை எத்தனை தூரம் வேரோடினாலும், அத்தனை தூரமும் நடந்துபோய் அதைப் பிடுங்குகிற பொறுப்பு உங்களுடையதே; அப்பொறுப்பைச் சுமந்த அந்தப் பெண்மணியின் விரலில் மைக்கறை மூன்று வாரம் போகவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரமும் ஊரில் ஒருவர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். அதைக் கண்டவள் முப்பிடாதி. ஆசிரியை டிபன் பாக்ஸைத் திறந்து, ஜெபம் சொல்லி, கவளம் எடுப்பார். கை வாய்க்கு வராது. யாரும் பார்க்காதபடி எழுந்து சோளக்காட்டுப் பக்கம் போவார்.

"டீச்சர், உங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் சரியாகல?"

ஆசிரியைக்கு விடை தெரிந்தே இருந்தது. "எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவரும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு. நல்ல மனுசன். அவரு இறந்து இருவது வருசம் ஆச்சு. எனக்குக் கார்டு போட யாரு இருக்கா?" என்று சொல்லிச் சிரித்தார்.

முப்பிடாதி போய்விட்டாள். மறுநாள் மதியம், டிபன் பாக்ஸுக்கு அடியில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. அதில் கோணலாய் ஒரு சூரியன். சோளம் என்று எழுதிக் காட்டாவிட்டால் தெரியாத ஒரு சோளம். ஆறு கால் வைத்த ஒரு கோழி. கொண்டை போட்டு, மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெண். அம்புகள் அனைத்தும் அந்தப் பெண்ணை நோக்கியே வந்தன. கடைசி அம்பின் கூர்முனையைத் தாள் கிழியும் அளவு அழுத்தி எழுதியிருந்தாள். அடியில் இரண்டே சொற்கள்: "டீச்சர், சாப்பிடுங்க."

எஸ்தர் ராஜகனி அட்டையைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். வகுப்பில் படிக்காத பிள்ளையைப் படிக்கச் சொல்வதுபோல் தமக்குத் தாமே அந்த அம்புகளை விரலால் தொட்டு மூன்று முறை சொன்னார். பிறகு ஒரு கவளம் எடுத்தார். வாசலில் நின்ற கோழி கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுக்குக் குப்பையைக் கிளறப் போயிற்று.